மலைக்கு வேர் உண்டா? தூக்குநூல் எழுப்பிய வினாவும் மேற்பரப்பு அலைகள் தந்த விடையும்

இந்திய நில அளவையின் வரலாற்றில் 5.236 என்னும் எண்ணுக்குத் தனியிடம் உண்டு. 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவைப் பணி, ஜார்ஜ் எவரெஸ்டின் காலத்தில் இமயத்தின் அடிவாரம் வரை சென்று சேர்ந்தது. மத்திய இந்தியாவில் கலியான்பூர், வடக்கே கங்கைச் சமவெளியில் கலியானா என்னும் இரு நிலையங்களுக்கிடையேயான அட்சரேகை வேறுபாடு இரு வழிகளில் கணக்கிடப்பட்டது. ஒன்று, தரையில் முக்கோணங்களை அடுக்கிப் பெற்றது. மற்றொன்று, விண்மீன்களை நோக்கிப் பெற்றது. இரண்டும் ஒத்துவரவில்லை. 5.236 வில்விநாடி இடறியது. தரையில் அது ஏறத்தாழ 160 மீட்டர்.

எவரெஸ்ட் அதனை அளவைப் பிழையின் திரட்சியாகக் கொண்டார். கல்கத்தாவில் தேவாலயப் பொறுப்பில் இருந்த கணித அறிஞர் ஜான் ஹென்றி பிராட் வேறுவிதமாக எண்ணினார். விண்மீனை நோக்கும் கருவியைச் செங்குத்தாக நிறுத்துவது தூக்குநூல். அருகில் இமயம் போன்ற பெரும் பொருண்மை இருந்தால் அதன் ஈர்ப்பு தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்கும், செங்குத்தே சாய்ந்துவிடும். கலியானாவில் சாய்வு மிகுதி, கலியான்பூரில் குறைவு. எனவே முரண் எழுவது இயல்பே. இக்கருத்தோடு இமயத்தின் பொருண்மையை மதிப்பிட்டுக் கணக்கிட்ட பிராட்டுக்குக் கிடைத்த விடை 15.885 வில்விநாடி, காணப்பட்டதைப் போல மும்மடங்கு. இப்போது சிக்கல் தலைகீழாயிற்று. நூல் ஏன் சாய்ந்தது என்று தொடங்கிய வினா, நூல் ஏன் இவ்வளவு குறைவாகச் சாய்ந்தது என்று மாறியது. அத்தனை பெரிய மலைத்தொடர், இருக்க வேண்டிய அளவுக்கு இழுக்கவில்லை.

அதே 1855இல் இங்கிலாந்தின் அரசவை வானியலாளர் ஜார்ஜ் ஏரி ஒரு விளக்கம் தந்தார். நீரில் மிதக்கும் மரக்கட்டைகளுள் எது கூடுதலாக மேலெழுந்து நிற்கிறதோ, அது கூடுதலாக உள்ளேயும் ஆழ்ந்திருக்கும். மலைகளும் அவ்வாறே. அடர்த்தி குறைந்த மேலோடு, அடர்த்தி மிகுந்த அடிப்பொருளின்மேல் மிதக்கிறது. மலை எவ்வளவு உயர்கிறதோ அதைவிடப் பன்மடங்கு ஆழத்துக்கு அதன் வேர் இறங்குகிறது. இலேசான அவ்வேர், மேலுள்ள மலையின் ஈர்ப்பை ஈடுசெய்துவிடுகிறது. பிராட் 1859இல் மாற்று விளக்கம் ஒன்றை முன்வைத்தார். வேர் என்று எதுவும் வேண்டியதில்லை. உயர்ந்த நிலப்பகுதிகளின் அடியிலுள்ள பாறையே அடர்த்தி குறைந்தது. ஈடுசெய்யும் ஆழம் எங்கும் ஒன்றே.

இரு விளக்கங்களும் தூக்குநூலின் சாய்வுக்குப் பொருந்தின. ஈர்ப்பை மட்டும் அளந்து இவற்றுள் ஒன்றைத் தேர்வது அரிது. மேற்பரப்பில் ஒரே ஈர்ப்பைத் தரக்கூடிய உள்ளமைப்புகள் பல. தேவைப்பட்டது மேலோட்டின் தடிமன். இமயத்துக்கு அப்பால், சராசரியாக 5 கி.மீ. உயரத்தில் பரந்துகிடக்கும் திபெத் பீடபூமியே இவ்வினாவுக்குரிய முதன்மையான களம். ஆனால், அதன் மேற்பரப்பை அளப்பதே அன்று அரும்பாடாக இருந்தது. நயின் சிங் 1866இல் லாசாவை அடைந்தது யாத்திரிகர் கோலத்தில், செபமணிகளை உருட்டிக் காலடிகளை எண்ணியபடிதான். மேற்பரப்புக்கே இந்நிலை என்றால் அடியாழத்தை அளப்பது எங்ஙனம்? மனிதர் இதுவரை தோண்டிய மிக ஆழமான துளையாகிய, இரஷ்யாவின் கோலா தீபகற்பத் துளைகூட 12 கி.மீ.க்குச் சற்று மேல்தான். விடைக்கான வழி, அளவையாளர் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது.

1897 ஜூன் 12 மாலையில் ஷில்லாங் பீடபூமியும் அஸ்ஸாமும் அதிர்ந்தன. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். சுமார் நான்கு இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கற்கட்டடங்கள் சிதைந்தன. இந்தியப் புவியியல் அளவைத் துறையின் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் அந்நிலநடுக்கத்தை ஆய்ந்து 1899இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். அவ்வாய்வில் ஒரு முரண் அடங்கியுள்ளது. அதிர்ந்தது அஸ்ஸாம், ஆனால், அவ்வதிர்வைப் பதிந்த கருவிகள் இருந்தவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், குறிப்பாக இத்தாலியில். இந்தியாவில் அன்று நிலையான நிலநடுக்க ஆய்வகம் ஒன்றுகூட இல்லை.

தொலைவிலிருந்து வந்த அப்பதிவுகளில் அதிர்வு மூன்று கட்டங்களாக வந்திருந்ததை ஓல்டாம் கண்டார். 1900இல் வேறு பல நிலநடுக்கங்களின் பதிவுகளையும் சேர்த்து அதனை நிறுவினார். முதல் இரு கட்டங்கள் புவியின் உட்புறம் ஊடுருவி வந்த நெட்டலையும் குறுக்கலையும். மூன்றாவது கட்டம் மேற்பரப்பை ஒட்டியே, விநாடிக்குச் சுமார் 3 கி.மீ. வேகத்தில் வந்தது; வீச்சில் மிகப் பெரியது. முதலிரு கட்டங்களைப் பின்தொடர்ந்த ஓல்டாம் 1906இல் புவிக்குக் கருவம் உண்டென்பதற்கான சான்றை எட்டினார். அப்பெருமை பலரும் அறிந்தது. மூன்றாவது கட்டத்தின் பயன் வெளிப்பட மேலும் காலம் தேவைப்பட்டது.

கலைச்சொற்கள் இங்கே சற்றுக் கவனத்துக்குரியவை. பி, எஸ், எல் என்னும் எழுத்துகள் இலத்தீனில் முறையே முதலில் வருவன, இரண்டாவதாக வருவன, நீண்டவை என்று பொருள்படும் சொற்களின் தலையெழுத்துகள். தமிழில் முதல்வகைக்கு வழங்கும் 'முதன்மை அலை' என்னும் பெயர், வரிசையைச் சுட்டும் சொல்லைத் தகுதியைச் சுட்டுவதாக மயங்கவைக்கிறது. உண்மையில் தொலைவான நிலையத்தின் பதிவில் கண்ணை நிறைப்பது கடைசியில் வரும் மேற்பரப்பு அலையே. அதற்கு எளிய காரணம் உண்டு. உள்ளூடுருவும் அலையின் ஆற்றல் முப்பரிமாணத்தில் பரவி விரைவில் மெலிகிறது. மேற்பரப்பு அலை இரு பரிமாணத்தில் மட்டும் பரவுவதால் நெடுந்தொலைவு வலுவோடு செல்கிறது.

இத்தகைய அலை இருக்கக்கூடும் என்பதைக் கருவிகள் காட்டுமுன்பே கணிதம் காட்டியிருந்தது. 1885இல் ரேலி பிரபு, மீள்தன்மையுள்ள திண்மத்தின் தட்டையான மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் அலையைக் கோட்பாட்டளவில் வருவித்தார். நிலநடுக்கங்களில் அதற்குப் பங்கிருக்கலாம் என்றும் கருதினார். அவ்வலையில் நிலத்துகள் மேலும் கீழும் முன்னும் பின்னுமாக நீள்வட்டத்தில் சுழலும். ஆனால், பதிவுகளில் பக்கவாட்டு அசைவும் வலுவாகத் தெரிந்தது. ரேலி அலையால் அதை விளக்க இயலவில்லை. 1911இல் அ. எ. ஹ. லவ், கீழுள்ளதைவிட வேகம் குறைந்த ஓர் அடுக்கு மேலே இருந்தால், பக்கவாட்டில் அதிரும் குறுக்கலைகள் அவ்வடுக்கினுள் சிறைப்பட்டுப் பயணிக்கும் என்று காட்டினார். இதன் உட்பொருள் பெரிது. புவி ஒரே சீரான திண்மமாக இருந்தால் லவ் அலை தோன்றவே இயலாது. அவ்வலை பதிவில் இருப்பதே, புவிக்கு மேலோடு என்று ஒன்று உண்டென்பதற்குச் சான்று. அதற்கு ஈராண்டு முன்னர், 1909இல், குரோவேஷியாவின் குபா பள்ளத்தாக்கு நிலநடுக்கத்தைக் கொண்டு அந்திரியா மோஹோரோவிசிச், மேலோடு முடிந்து கவசம் தொடங்கும் எல்லையை உள்ளூடுருவும் அலைகளால் இனங்கண்டிருந்தார். மோஹோ என்று இன்று சுருக்கி வழங்குவது அவ்வெல்லையையே.

அடுக்கு உண்டெனில் அதன் தடிமனை அறிவது எவ்வாறு? அதற்கான திறவுகோல் அலைப்பிரிகை. பட்டகத்தில் புகும் வெள்ளொளி நிறம் நிறமாகப் பிரிவதை நிறப்பிரிகை என்கிறோம். மேற்பரப்பு அலையும் செல்லும் வழியில் அதுபோல அலைவுக்காலத்தின்படி பிரிகிறது. குறுகிய அலைவுக்காலம் உடையது மேலோட்டின் மேற்பகுதியை மட்டும் தொட்டுச் செல்கிறது. நீண்ட அலைவுக்காலம் உடையது ஆழத்துப் பாறையையும் அசைத்துச் செல்கிறது. ரேலி அலை தன் அலைநீளத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஆழத்தை மிகுதியாக உணர்கிறது என்பது தோராயமான விதி. 20 விநாடி அலைவுக்காலமும் விநாடிக்கு 3.5 கி.மீ. வேகமும் உடைய அலையின் நீளம் 70 கி.மீ.; அது உணரும் ஆழம் 23 கி.மீ. அளவு. 60 விநாடி அலை விநாடிக்கு 4 கி.மீ. வேகத்தில் சென்றால் அதன் நீளம் 240 கி.மீ.; உணரும் ஆழம் 80 கி.மீ. அளவு. ஆழம் செல்லச் செல்லப் பாறையில் அலைவேகம் பொதுவாகக் கூடுவதால் நீண்டவை முந்தி வரும், குறுகியவை பிந்தி வரும். ஒரே கணத்தில் புறப்பட்டவை பல நிமிட நேரம் நீளும் தொடராக நிலையத்தை அடைகின்றன. எந்த அலைவுக்காலம் எப்போது வந்தது என்று அத்தொடரை அளந்தால், எந்த ஆழத்தில் எத்தகைய பாறை என்பதை உய்த்துணரலாம்.

ஆகவே பதிவின் இறுதியில் கட்டுக்கடங்காத கிறுக்கலாகத் தோன்றிய பகுதியே, அலை கடந்துவந்த நிலத்தின் அமைப்பைக் கூறும் பகுதியாயிற்று. 1921இல் டாம்ஸ், ஆங்கன்ஹைஸ்டர் ஆகியோரும், 1924இல் பெனோ குட்டன்பர்கும், கடலடி வழியாக வரும் மேற்பரப்பு அலைகளின் வேகம் கண்டத்தின் வழியாக வருபவற்றிலிருந்து வேறுபடுவதைக் காட்டினர். கடலுக்கடியிலும் கண்டத்துக்கடியிலும் மேலோடு ஒன்றல்ல என்பது இவ்வாறு தெளிவாயிற்று. 1950களில் மாரிஸ் யூயிங், பிராங்க் பிரெஸ் ஆகியோர் இம்முறையைச் செம்மைப்படுத்தி, கடலடி மேலோடு மிக மெல்லியது என்றும், கண்ட மேலோடு பொதுவாக 35 முதல் 40 கி.மீ. தடிமன் உடையது என்றும் நிறுவுவதில் பெரும்பங்காற்றினர்.

ஓல்டாம் காலத்தில் பதிவுக்கருவி இல்லாதிருந்த இந்தியாவும் இதற்குள் மாறியிருந்தது. 1897இன் அழிவுக்குப் பின் 1898 டிசம்பரில் கல்கத்தாவின் அலிப்பூரிலும், 1899இல் பம்பாயின் கொலாபாவிலும் கொடைக்கானலிலும் நிலநடுக்க ஆய்வகங்கள் தொடங்கப்பட்டன. சூரியனை நோக்குவதற்காக எழுந்த கொடைக்கானல் ஆய்வகம் நிலத்தின் அசைவையும் பதியத் தொடங்கியது. ஆயினும் அக்காலத்து மில்ன் கருவியில் ஊசலின் சொந்த அலைவைத் தணிக்கும் ஏற்பாடு இல்லை. அலைப்பிரிகையை நுண்ணிதாக அளக்க அது போதாது. அந்நிலை மாறியதன் பின்னணியில் இருந்தது அணுவெடிச் சோதனை. பிற நாடுகளின் சோதனைகளைக் கண்டறியும் தேவையை முன்னிட்டு, அமெரிக்கா 1960களின் தொடக்கத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 120 இடங்களில் ஒரே தரத்திலான கருவிகளை நிறுவியது. புதுதில்லி, ஷில்லாங், புனே, கொடைக்கானல் ஆகியவை அவ்வலையமைப்பில் இடம்பெற்றன. நீண்ட அலைவுக்கால அலைகளைச் சிதைவின்றிப் பதிந்த அக்கருவிகளின் பதிவுகள் நுண்படங்களாக ஆய்வாளர் எவருக்கும் கிடைத்தன. படைத்துறைத் தேவைக்காக எழுந்த ஏற்பாடு, புவியறிவியலுக்கு அதுவரை இல்லாத ஒரு பொதுச் சொத்தாயிற்று.

1961இல் தொடங்கப்பட்டு ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஹர்ஷ் குப்தாவும் ஹரி நாராயணும் 1967இல் இமய, திபெத் பகுதிகளைக் கடந்துவந்த மேற்பரப்பு அலைகளின் பிரிகையை ஆய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். திபெத்தில் கால்வைக்க வேண்டிய தேவை எழவில்லை. பீடபூமிக்கு ஒருபுறம் நிலநடுக்கம், மறுபுறம் நிலையம், இடையே அலை சென்ற வழி, அது போதுமானதாயிற்று. அவ்வழியில் அலைகள் வழக்கமான கண்ட மேலோட்டில் வருவதைவிட மெதுவாக வந்தன. 2,000 கி.மீ. வழியில் விநாடிக்கு 3.6 கி.மீ. வேகத்தில் வரவேண்டிய அலை 3 கி.மீ. வேகத்தில் வருமாயின் தாமதம் ஏறத்தாழ 110 விநாடி என்பதை எண்ணிப் பார்த்தால், இத்தகைய வேறுபாட்டைப் பதிவில் அளப்பது எவ்வளவு இயல்வது என்பது விளங்கும். நீண்ட அலைகள்கூட வேகமான கவசத்தை எட்டாமல் மேலோட்டுப் பாறைக்குள்ளேயே உழன்றிருந்தால்தான் இத்தகைய தாமதம் நேரும். அவர்கள் பெற்ற தடிமன் 65 முதல் 70 கி.மீ.; வழக்கமான கண்ட மேலோட்டைப் போல ஏறக்குறைய இருமடங்கு.

இவ்வெண்ணை ஏரியின் மிதவைக் கணக்கோடு ஒப்பிடலாம். மேலோட்டின் அடர்த்தி நீரைப்போல 2.8 மடங்கு, கவசத்தின் அடர்த்தி 3.3 மடங்கு என்று கொண்டால், 5 கி.மீ. உயர்ந்த பீடபூமியைத் தாங்க 28 கி.மீ. வேர் வேண்டும். வழக்கமான 35 கி.மீ. தடிமனோடு உயரத்தையும் வேரையும் கூட்டினால் 68 கி.மீ. கிடைக்கிறது. தூக்குநூலின் சாய்விலிருந்து 1855இல் பிறந்த ஊகமும், 1967இல் அலைகளின் தாமதத்திலிருந்து பெற்ற முடிவும் ஒரே இடத்தில் சந்தித்தன. இடைப்பட்டவை 112 ஆண்டுகள்.

இருப்பினும் இவ்விடையை எவ்வளவு நம்பலாம் என்பது நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய வினா. மேற்பரப்பு அலை தருவது வழி முழுமைக்கும் உரிய சராசரி. தடித்த மேலோடும் அலையைத் தாமதப்படுத்தும். வழக்கத்தைவிட வெப்பமான, வேகம் குறைந்த மேலோடும் தாமதப்படுத்தும். பிராட்டும் ஏரியும் ஈர்ப்பை வைத்துக்கொண்டு எதிர்கொண்ட பன்மைச் சிக்கல், வேறு வடிவில் இங்கும் தலைகாட்டுகிறது. 1977இல் கின்-யிப் சுன், தோஷிகாத்சு யோஷி ஆகியோர் மீண்டும் ஆய்ந்து 70 கி.மீ. அளவிலான தடிமனை உறுதிப்படுத்தியபோது, மேலோட்டின் நடுவே வேகம் குறைந்த அடுக்கு ஒன்றும் இருப்பதாகக் கூறவேண்டியிருந்தது. ஆகவே தாமதம் முழுவதும் தடிமனால் மட்டும் விளைந்ததன்று. வேறொரு முறையின் சான்று தேவைப்பட்டது. 1992இல் சீன, அமெரிக்க அறிஞர்கள் தெற்குத் திபெத்தில் வெடிவைத்து எதிரொலிப்பு அளவீடு நடத்தினர். 1993இல் வெளியான முடிவின்படி அங்கு மோஹோவின் ஆழம் சுமார் 75 கி.மீ. தொலைவிலிருந்து உய்த்துணர்ந்ததை, களத்தில் நேரடியாகப் பெற்ற எதிரொலி ஏற்றுக்கொண்டது.

இவ்வளவில் ஏரி வென்றார், பிராட் தோற்றார் என்று வரலாற்றை முடித்துவிடத் தோன்றும். ஆனால், ஓல்டாமின் ஷில்லாங் பீடபூமி அதற்கு இடந்தரவில்லை. சுப்ரியோ மித்ராவும் உடன் ஆய்ந்தோரும், மோஹோவில் உருமாறி வரும் உள்ளூடுருவும் அலைகளைக் கொண்டு 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, அப்பீடபூமியின் அடியில் மேலோட்டின் தடிமன் ஏறத்தாழ 35 கி.மீ. மட்டுமே. வடக்கே தாழ்ந்து கிடக்கும் பிரம்மபுத்திராச் சமவெளியின் அடியில் அதைவிடச் சில கிலோமீட்டர் கூடுதல். மிதவை விதியின்படி உயர்ந்ததன் அடியில்தான் வேர் இருக்க வேண்டும். இங்கோ உயர்ந்ததற்கு வேர் இல்லை. கண்டத்தட்டின் வலிமையும், இருபுறமும் அதனை நெருக்கும் பிளவுகளும் அப்பீடபூமியை உயர்த்திப் பிடித்துள்ளன. அவ்வாறு பிடித்திருக்கும் விசையே பெருநிலநடுக்கமாக வெளிப்படக்கூடியது. வேருள்ள மலை மிதக்கிறது. வேரற்ற மலையோ தாங்கப்படுகிறது. தாங்குவதற்கு நிலம் கொடுக்கும் விலைகளுள் ஒன்று 1897.

மேலோட்டின் அமைப்பை அறிவதை வெறும் கோட்பாட்டு ஆர்வமாகக் கொள்ள இயலாததும் இதனால்தான். நிலநடுக்கம் எங்கே, எவ்வளவு ஆழத்தில் நிகழ்ந்தது என்று கணிப்பதற்கு அலை கடந்துவந்த பாறையின் வேகம் தெரிந்திருக்க வேண்டும். மெல்லிய வண்டல் நிறைந்த பள்ளத்தாக்குகளில் அதிர்வு எவ்வளவு பெருகும் என்பதற்கும் அதுவே அடிப்படை. 2015 கூர்க்கா நிலநடுக்கத்தின்போது காத்மாண்டுவின் வண்டல் படுகை 4 முதல் 5 விநாடி அலைவுக்காலத்தில் வலுவாக ஆடியது. கங்கைச் சமவெளியின் வண்டல் அதைவிட மிகத் தடித்தது. அதன்மேல் வாழ்வோர் பல கோடி.

இன்று மேற்பரப்பு அலைகளைப் பெற நிலநடுக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கடலலைகள் ஓயாமல் கடற்தரையை அறைவதால் எழும் மெல்லிய அதிர்வை இரு நிலையங்களில் நீண்டநாள் பதிந்து ஒப்பிட்டால், அவற்றிடையே செல்லும் மேற்பரப்பு அலையைப் பிரித்தெடுக்கலாம் என்பதை 2005இல் கலிபோர்னியாப் பதிவுகளைக் கொண்டு நிக்கோலாய் ஷப்பிரோவும் உடன் ஆய்ந்தோரும் காட்டினர். அதற்கு வேண்டியது அருகருகே பல நிலையங்களும், இடையறாத பதிவும், அப்பதிவு ஆய்வாளர் கைக்குத் தடையின்றிக் கிடைப்பதும்.

பிராட்டின் வினாவுக்கு விடை காண ஒரு நூற்றாண்டுக்கு மேலானதற்குக் கோட்பாட்டின் குறைவு மட்டும் காரணமன்று. 1911க்குள் அடிப்படைக் கணிதம் ஆயத்தமாகிவிட்டது. பின்னர் வந்த அரைநூற்றாண்டில் பெரிதும் குறைபட்டிருந்தது, ஒரே தரத்திலான கருவிகளில் நாள்தோறும் சலிப்பின்றிப் பதிந்து எவரும் எடுத்துப் படிக்கும்படி பேணிய ஆவணம். 5.236 என்னும் முரணைப் பிழையென்று ஒதுக்காமல் குறித்துவைத்த அளவைக் குறிப்பேடும், கொடைக்கானலிலும் ஷில்லாங்கிலும் நாள்தோறும் தாளை மாற்றிய கைகளும் அவ்வாவணத்தின் பகுதிகள்.